பானை அண்ணாச்சியும் பிரித்துவைத்த ஜோடிகளும்

திருப்பூர் ராயபுரத்தில் பானை அண்ணாச்சியிடம் திட்டு வாங்காத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. பால்காரர், கேபிள்காரர், தண்ணீர் லாரி டிரைவர், பழைய அட்டைப்பெட்டி வாங்க வருகிறவர் என்று யாரையும் அவர் பாக்கி வைத்ததில்லை. ஒருமுறை கவுன்சிலர் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு ஒருவர் மேளதாளத்தோடு எங்கள் சந்துக்குள் வந்தார். கும்பிட்ட கையை அவர் இறக்குவதற்குள் அண்ணாச்சி பாய்ந்துவிட்டார். "ஏ, மேளத்த நிறுத்துவே! உள்ள கிளி அடை கிடக்குல்லா? கூமுட்டையாப் போனா நீரா வந்து உக்காருவீரு?" வேட்பாளர் அடுத்த சந்துக்கு ஓடினார். அந்தத் தேர்தலில் தோற்றும் போனார். அதற்கும் அண்ணாச்சிக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதை நான் ஏதோ செல்லமாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மனிதர்மேல் எனக்கு வந்த கோபம் வேறு யார்மேலும் வந்ததில்லை. என் மாமியாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் 'டெய்லர் தேவை, செக்கிங் தேவை, உடனே சேரவும்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். கல்யாணமான கையோடு நானும் என் வீட்டுக்காரரும் ராயபுரத்தில் ஒரு லைன் வீட்டுக்குக் குடிவந்தோம். வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை அறை வீடுகள். எதிரே எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் எல்லா வீட்டிலும் தும்முவார்கள். கடைசி வீடு அண்ணாச்சியுடையது. தென்காசிப் பக்கத்து ஆள், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க ஸ்டீம் அயர்ன் பிடித்துப் பிடித்து அந்தச் சூடு அவர் உடம்பை விட்டு இறங்குவதே இல்லை என்று எங்கள் லைனில் பேச்சு. ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் பயம்.

தன் வீட்டு வாசலை அடைத்து, பேக்கிங் கட்டைகளும் கம்பி வலையும் கொண்டு கூண்டுகள் கட்டியிருந்தார். உள்ளே பச்சையும் மஞ்சளும் நீலமுமாகக் குட்டிக் கிளிகள். ஊரெல்லாம் அதை லவ் பேர்ட்ஸ் என்றுதான் சொல்லும். அவரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் தொலைந்தோம்.

"லவ்வாவது கிவ்வாவது! இது பட்ஜி. புடிக்காத ஆணு பக்கத்துல வந்தா பொட்ட அடிக்கிற அடியைப் பாத்திருக்கீரா நீரு? கால் விரலக் கடிச்சுத் துப்பிரும். லவ்வாம்லா!"

பறவைகளுக்கெல்லாம் பனியன் துணியின் நிறங்களைத்தான் பெயராக வைத்திருந்தார். கரு நீலம் என்றால் நேவி. இளமஞ்சள் என்றால் லெமன். சாம்பல் கலந்த துணியை நாங்கள் மெலாஞ்ச் என்போம், ஆகவே சாம்பல் நிறப் பெட்டைக்கு மெலாஞ்ச். அவருக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அதை மட்டும் அவர் திட்டிக் கேட்டதில்லை.

பானை அண்ணாச்சி என்ற பெயர் வந்தது அவர் கூண்டுக்குள் மாட்டும் மண்பானைகளால். பக்கத்தில் ஓட்டை போட்ட சின்னப் பானைகள். மாட்டினால் பெட்டை உள்ளே புகுந்து முட்டை வைக்கும். கழற்றினால் நிறுத்திக்கொள்ளும். இரண்டு தடவை குஞ்சு பொரித்து முடித்ததும் அண்ணாச்சி ஒரு அதிகாரியைப் போல வந்து பானையைக் கழற்றிவிடுவார். ஆண்களை ஒரு கூண்டில், பெட்டைகளை ஒரு கூண்டில் பிரித்துவிட்டு, நடுவில் ஒரு சாக்கைத் தொங்க விடுவார். அதன்பிறகு மாதக்கணக்கில் ரெஸ்ட்டு. தினையும் முருங்கைக்கீரையும் கணவாய் மீனின் வெள்ளை ஓடும் மட்டும் வேளாவேளைக்குப் போகும். ரெஸ்ட்டு முடிந்ததா என்பதை மூக்கைப் பார்த்துச் சொல்வார். பெட்டையின் அலகுக்கு மேலே ஒரு சின்னப் பட்டை உண்டு. அது வெளுத்திருந்தால் இன்னும் ஆகவில்லை. காப்பிப்பொடி நிறத்துக்குப் பழுத்துவிட்டால் ஜோடிக்குத் தயார். இந்த மூக்கு விஷயத்தைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் மானம் போனதே அதில்தான்.

மார்க்கெட் பக்கம் மீனும் கிளியும் விற்கிற கடைக்காரர் ஒருவர் மொபெட்டில் வந்து கெஞ்சுவார். "அண்ணாச்சி, ஸ்கூல் லீவு நேரமுங்க. குஞ்சு கொண்டா கொண்டான்னு கேக்கறாங்க. இன்னொருக்காப் பானைய மாட்டியுடுங்க. பொட்ட நிக்காம வெக்கும்ங்க."

"நிக்காம வைக்கும். வச்சுக்கிட்டே செத்தும் போவும். இது என்ன ஓவர்லாக் மிஷினாவே, காலை எடுக்காம மிதிக்கதுக்கு?"

கடைக்காரர் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். அண்ணாச்சி துடைப்பத்தை எடுத்தார். மனிதர் ஹெல்மெட்டை மறந்துவிட்டு ஓடினார். அந்த ஹெல்மெட்டில்தான் கொஞ்ச காலம் அண்ணாச்சி வீட்டுத் தினை ஊறியது.

ஓவர்டைம் இல்லை என்றால் கண்ணைக் கசக்குகிற ஊர் எங்கள் ஊர். ஒன்றரை ஷிப்ட்டு பார்ப்பவன் கெட்டிக்காரன், ஒரு ஷிப்ட்டோடு வீட்டுக்கு வருபவன் சோம்பேறி. அந்த ஊரில் ரெஸ்ட்டு ரெஸ்ட்டு என்று கத்திக்கொண்டிருந்த ஒரே ஜீவன் இவர்தான். அதுவும் கிளிகளுக்காக. எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, மெலாஞ்ச் சாகும்வரை.

ஷிப்மெண்டு அவசரம் என்று அண்ணாச்சியை ஒருமுறை வாரக்கணக்கில் கம்பெனியிலேயே தங்கவைத்துவிட்டார்கள். கிளிகளுக்குத் தீனி போடும் பொறுப்பை வீட்டுக்கார அம்மாவிடம், அதாவது எங்கள் லைனின் சொந்தக்கார அம்மாவிடம் விட்டுப்போயிருந்தார். நல்ல மனசு அந்த அம்மாவுக்கு. நல்ல மனசுதான் எமனாக வந்தது. ரெஸ்ட்டில் இருந்த மெலாஞ்ச் மூலை மூலையாகக் கொத்தி இடம் தேடுவதைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு பானையை மாட்டிவிட்டார். ஆண் துணை இல்லாவிட்டாலும் பெட்டை முட்டை வைக்கும். மெலாஞ்ச் வைத்தது. ஒன்று வந்தது, அடுத்தது உள்ளேயே அடைத்துக்கொண்டது.

அண்ணாச்சி திரும்பி வந்தபோது அது சிறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. இஸ்திரிப் பெட்டியில் பனியன் வேஸ்ட்டுத் துணியைச் சூடாக்கிச் சூடாக்கி அதைச் சுற்றினார். சாயங்காலம் அவர் கையிலேயே அது போய்விட்டது.

"பாவமா இருந்துச்சுங்க அண்ணாச்சி. அது எடந்தேடுச்சு, நாந்தான் மாட்டியுட்டனுங்க" என்றார் வீட்டுக்கார அம்மா, அழாத குறையாக.

"அதுக்கு ரெஸ்ட்டு வேணும்னு அதுக்கே தெரியாதும்மா! தெரியாததுனாலதானே நாம இருக்கோம்!"

குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரியிடம் அப்படி யாரும் கத்தி நான் பார்த்ததில்லை. அன்றே காலி செய்யச் சொல்லிவிடுவார் என்று பயந்தோம். மறுநாள் அண்ணாச்சி யாரையும் திட்டவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. லைனே சுடுகாடு மாதிரி இருந்தது. கடைசியில் அந்த அம்மாவே வந்து நின்றார். "ஏதாச்சும் திட்டுங்க அண்ணாச்சி. இப்பிடி கம்முனு இருந்தீங்கன்னா எனக்குச் சோறே எறங்க மாட்டேங்குதுங்க." அண்ணாச்சி கொஞ்சம் யோசித்துவிட்டு, குழாயில் சொட்டுகிற தண்ணீரைக் காட்டித் திட்டினார். எல்லோருக்கும் உயிர் வந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் ஒரு நிட்டிங் கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர். நூலைத் துணியாக்கும் அந்த மிஷின்கள் இரவு பகல் நிற்காது. அவருக்கு நிரந்தரமாக நைட் ஷிப்ட்டு. நான் வேறொரு கம்பெனியில் பகல் ஷிப்ட்டு, தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங் டேபிள். காலையில் நான் கிளம்பும்போது அவர் வருவார். இரவு நான் வரும்போது அவர் கிளம்புவார். நடுவில் வாசலில் நின்று வீட்டுச் சாவியைக் கைமாற்றிக்கொள்வோம். "ரசம் இருக்குதுங்க." "செரி." இதுதான் எங்கள் தாம்பத்தியம். ஒருமுறை அவர் மீசையை எடுத்துவிட்டது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் மனிதர் தூங்கித்தான் கிடப்பார். ஷிப்மெண்டு என்றால் அந்த ஞாயிறும் கிடையாது. எங்கள் சந்தில் பாதி ஜோடிகள் இப்படித்தான் சாவியால் குடும்பம் நடத்தின. யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

மாமியாருக்கு ஊர் குண்டடம். தோட்டத்தில் தண்ணீர் வற்றியதும் பையனை நிட்டிங்குக்கு அனுப்பிவைத்தவர். மாதம் ஒருமுறை தயிரும் தட்டைப்பயறும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவார். வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார். "அம்மிணி, ஏதாச்சும் விசேசமா?"

இல்லை என்பேன். முதலில் வேப்பங்கொழுந்து கொடுத்தார். பிறகு கயிறு கட்டினார். பிறகு கோயில் மரத்தில் தொட்டில் கட்ட வைத்தார். ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் என்னை மட்டும் சோதித்து, எனக்கு மட்டும் மாத்திரை எழுதினார். பையனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த மாத்திரையை முழுங்கும்போதெல்லாம் எனக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீர் டம்ளரைச் சுவரில் அடிக்கலாம் போலிருக்கும். அடித்தால் வேறு டம்ளர் வாங்க வேண்டும் என்பதால் அடிக்கவில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. லைன் முழுக்கக் குழாயடியில். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மாமியார் எதிரே படியில் உட்கார்ந்து, குரலை ரொம்ப மெதுவாக வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"அம்மிணி, நா ஒண்ணும் உன்னயக் கொற சொல்லுல. ஆனா ஒறம்பரை சொந்தமெல்லாம் கேக்குது. தை வரைக்கும் பாப்பம். அப்பறம் பையனுக்கு வேற ஒரு வழி பண்ணோணுமல்ல? எங்களுக்கும் ஒரே பையன்."

வேற வழி என்றால் என்ன வழி என்று குழாயடியில் நின்ற எல்லோருக்கும் தெரியும். கேட்க வேண்டியவர் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. கடைசி வீட்டிலிருந்து வந்தது.

"ஏம்மா, நான் ஒண்ணு கேக்கேன்." கையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு அண்ணாச்சி நின்றார். "ஆணை ஒரு கூண்டுல அடைச்சு, பொட்டைய ஒரு கூண்டுல அடைச்சு, நடுவுல சாக்கையும் தொங்க விட்டுட்டு, முட்ட எங்க முட்ட எங்கன்னு பொட்டையைப் புடிச்சு உலுக்குனா அது எங்கேருந்தும்மா வைக்கும்?"

மாமியாருக்குப் புரியவில்லை. "என்னுங்க, கிளியப் பத்திச் சொல்றீங்களா?"

"கிளி இல்லம்மா, ஒங்க மவன்! இதுவோ ரெண்டும் ஒண்ணா உக்காந்து ஒரு வாய் சோறு தின்னு நான் பாத்ததில்ல. ஒருத்தன் ராத்திரிக் கூண்டு, ஒருத்தி பகல் கூண்டு. தை வரைக்கும் பாப்பிய, பங்குனி வரைக்கும் பாப்பிய, என்னத்தப் பாப்பிய? இந்தப் புள்ள மூக்கைப் பாருங்க. வெளுத்துக் கெடக்கு!"

குழாயடியில் இருந்த அத்தனை பேரும் என் மூக்கைப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. நான் சோப்பு நுரையோடு மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

மாமியார் லேசுப்பட்டவர் அல்ல. எழுந்து முந்தானையை உதறினார். "அடுத்த ஊட்டு ஜோடியப் பாக்கறது இருக்கட்டும்ங்க. உங்க ஜோடி எங்கீங்க?"

அண்ணாச்சி கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. அவர் மனைவி ஊரில் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். படுத்த படுக்கையாக இருந்த அண்ணாச்சியின் அம்மாவைப் பார்த்துக்கொள்ள அங்கே தங்கியவர். கிழவி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியும் இவர் 'நீ திருப்பூருக்கு வா' என்றார், அவர் 'நீரு ஊருக்கு வாரும்' என்றார். இரண்டு பேரும் அசையவில்லை. யாராவது கேட்டால், "அவ ரெஸ்ட்டுல இருக்கா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் ஆத்திரம் அடங்கவில்லை. பின்னாலேயே போனேன். "அண்ணாச்சி, எங்க ஊட்டு விசயத்துல மூக்க நொழைக்க நீங்க ஆருங்க?"

"நான் யாரும் இல்ல தாயி" என்றார் கூண்டைப் பார்த்துக்கொண்டே. "ஆனா ரெஸ்ட்டு வேற, பிரிச்சு வைக்கது வேற. ரெஸ்ட்டுன்னா ஒரு நாள் முடியணும்."

இத்தோடு விட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன். மறுநாள் மனிதர் நேராக என் வீட்டுக்காரரின் கம்பெனிக்கே போய்விட்டார். சாயங்காலம் ஷிப்ட்டு மாறுகிற நேரம், கேட்டில் கூட்டம். மேனேஜர் வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

"ஒரு சோடியைப் பிரிச்சு வச்சிருக்கேரு. சேத்து விடணும்."

"கிளி யாவாரமுங்களா? இங்க ஆரும் கிளி வளக்கறதில்லீங்க."

"நீருதான் வளக்கேரு. உள்ள நிக்கது பூரா ஆணு. அந்தா மிஷினுக்குப் பொறத்தால ஒளியுதான் பாரும், எங்க லைன் வீட்டுப் பய. அவன் சோடி பகல் கூண்டுல கெடக்கா."

என் வீட்டுக்காரர் நிஜமாகவே மிஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார். மேனேஜர் தலையைச் சொறிந்தார். "நைட்டுக்கு ஆள் கெடைக்கறதே இல்லீங்க. பழகுன ஆள எப்பிடீங்க மாத்தறது?"

"பொட்டைக்கே ரெண்டு தடவைக்கு மேல நான் பானை மாட்ட மாட்டேன். நீரு ஒரு மனுசனுக்கு வருசம் பூரா ராத்திரியை மாட்டி வச்சிருக்கேரே, கழத்தும்வே!"

அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். "அண்ணாச்சி, எனக்கும் சேத்திக் கேளுங்க." அதற்குப் பின்னால் இன்னொன்று. நைட் ஷிப்ட்டுக்கு வந்தவர்கள் உள்ளே போகாமல் நின்றுவிட்டார்கள். அதற்குமுன் ஒருத்தரும் கேட்டதில்லை, கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. அண்ணாச்சி விடவில்லை. தினமும் வேலை முடிந்து வருகிற வழியில் அந்தக் கேட்டில் நின்று, போகிற வருகிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேனேஜரிடம் கூண்டு, பானை, ரெஸ்ட்டு என்று கத்திவிட்டுத்தான் வீடு வருவார். மேனேஜரும் குடும்பஸ்தர். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் தன்னைக் காட்டிச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் இறங்கி வந்தார். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று எல்லோருக்கும் ஷிப்ட்டு மாறி மாறி வந்தது.

நான் சந்தோஷப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? கொதித்துப் போயிருந்தேன். அந்தக் கம்பெனியில் என் வீட்டுக்காரருக்குப் பேரே 'ராத்திரிக் கூண்டு' என்றாகிவிட்டது. செய்தி எப்படியோ என் செக்கிங் டேபிளுக்கும் வந்துவிட்டது. பீஸைப் பார்க்க வேண்டிய பெண்கள் என் மூக்கைப் பார்த்தார்கள். ஒருத்தி, துணியின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற ஷேட் கார்டோடு வந்து என் மூக்கின் நிறத்தைச் சரிபார்த்தாள். அண்ணாச்சியோடு பேச்சை நிறுத்திவிட்டேன். குழாயடியில் அவர் வந்தால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன்.

ஆனால் பகல் ஷிப்ட்டு வாரத்தில் என் வீட்டுக்காரர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார். முதலில் எங்களுக்குப் பேசவே ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் வெங்காயத்தைத் தட்டின் ஓரமாக ஒதுக்கிவைப்பார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் பேசும்போது கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார், மிஷின் சத்தத்தில் வேலை செய்கிற பழக்கம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. கல்யாணமாகி இவ்வளவு நாள் கழித்து அதைக் கண்டுபிடித்தேன். மாமியார் குளியலறைப் பக்கம் போயிருந்த நேரத்தில் ஒருநாள் வீட்டுக்காரரிடமே கேட்டுவிட்டேன், தை பிறந்தால் என்ன வழி என்று. அவர் கையை ஆட்டவில்லை. அம்மா வெளியே வந்ததும், "இன்னொருக்கா அந்தப் பேச்சு எடுத்தீங்கன்னா நா குண்டடத்துக்கே வரமாட்டனம்மா" என்றார். அவ்வளவு நீளமான வாக்கியத்தை அவர் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

தை பிறப்பதற்குள் எனக்கு வாந்தி பிறந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலை கதவைத் திறந்தால், வாசலில் ஒரு கட்டு முருங்கைக்கீரை. கீரையின்மேல் ஒரு கணவாய் ஓடு. கிளிகள் கொத்துவதற்குக் கூண்டில் செருகிவைப்பாரே, அதே வெள்ளை ஓடு.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தக் கணவாய் ஓட்டை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனேன். மாதக்கணக்கான மௌனம் அங்கே உடைந்தது. "என்னைய என்னன்னு நெனச்சீங்க அண்ணாச்சி? நா என்ன கூண்டுலயா இருக்கறேன்?"

"சுண்ணாம்புச் சத்து தாயி" என்றார், ரொம்ப சாந்தமாக. பிறகு பழைய குரல் திரும்பியது. "கொத்தித் திங்கவா சொன்னேன்? டாக்டர்கிட்ட இந்தச் சத்து மாத்திரையைக் கேளுன்னு சொல்லுதேன்! கீரையையாவது பொரிச்சுத் தின்னு, போ!"

பொரித்துத் தின்றேன். தினமும் கட்டுக்கட்டாக வந்தது. மகள் பிறந்தாள்.

அவள் எட்டெடுத்து வைக்க ஆரம்பித்ததும் மாமியார் குண்டடத்திலிருந்து வந்தார். தயிர்த்தூக்கை வைத்தார், செருப்பைக் கழற்றினார். "அம்மிணி, அடுத்தது எப்ப? பையனாப் பாத்துப் பெத்துட்டீன்னா..."

வழக்கம்போல் குழாயடி. வழக்கம்போல் எல்லோரும் இருந்தார்கள். இந்தத் தடவை என் வாய் தானாகத் திறந்தது. "பானையக் கழத்தியாச்சுங்க அத்தை. இப்ப ரெஸ்ட்டு."

கடைசி வீட்டில் ஒரு சத்தம் கேட்டது. பாத்திரம் உருளுகிறது என்று நினைத்தோம். அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை. வீட்டுக்கார அம்மாகூட ஓடிவந்து எட்டிப்பார்த்தார்.

மாமியாருக்கு என்னிடம் காட்ட முடியாத கோபம் அவர் பக்கம் திரும்பியது. "சிரிக்கறீங்களாக்கும்? ரெஸ்ட்டுன்னா ஒருநாள் முடியோணும்னு நீங்கதான சொன்னீங்களாமா. உங்க ரெஸ்ட்டு எப்பங்க முடியும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் என்னிடம் சொன்னதை மாமியாரிடம் உளறிவைத்தது நான்தான். அவர் கூண்டின் பக்கம் திரும்பினார். ஆண்களுக்கும் பெட்டைகளுக்கும் நடுவில் தொங்கிய சாக்கை ஓரமாக ஒதுக்கினார். இரண்டு பக்கமும் ஒரே சத்தம்.

அந்த மாதச் சம்பளம் வாங்கியதும் கணக்கை முடித்துக்கொண்டார். "அவ வரமாட்டா. நான்தான் போகணும்" என்றார் வீட்டுக்கார அம்மாவிடம், யாரையோ திட்டுவது போலவே. அந்த அம்மாவுக்கு ஒரு ஜோடியைக் கொடுத்தார். பானையைக் கொடுக்கவில்லை. "மூக்கு பழுத்ததும் போன் போடுங்க. மாட்டலாமா வேண்டாமான்னு நான் சொல்லுதேன்."

தன்னந்தனியாக அவர் கூண்டுகளைக் கயிறு போட்டுக் கட்டுவதைப் பார்த்து எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை கூண்டை எந்த பஸ்ஸில் ஏற்றுவார்கள், ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா, இந்த வயதில் இப்படியா மூட்டை கட்டுவது என்று மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். அவரை ஒருவர் திட்டி, அவர் பதில் பேசாமல் நின்றது அந்த ஒரு தடவைதான். கடைசியில் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மூக்கு நல்லாருக்கு தாயி. போயிட்டு வாரேன்."

என் வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வந்தார். அன்று அவருக்குப் பகல் ஷிப்ட்டு வாரம், லீவு போட்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர், "கிளியெல்லாம் ஏத்த முடியாதுங்க" என்றார். அதோடு அவர் கதை முடிந்தது. பஸ் கிளம்பி வளைவு திரும்பும்வரை அண்ணாச்சியின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கிளிகள் முன் சீட்டில்தான் போயின.

பஸ் ஏறுவதற்கு முன்னால் நான் அவரிடம் நன்றி சொல்ல வாயெடுத்தேன். 'நன்றியாவது மண்ணாங்கட்டியாவது' என்று பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டுவார் என்று பயந்து விழுங்கிவிட்டேன். அவரிடம் எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஒன்றையும் வாங்கியிருக்கலாம்.